படியேறும் நாற்காலி

"நான் நாற்காலி செய்ய வந்தனுங்க, அம்மிணி. நீங்க ட்ரில்லுக்கு ஸ்டேண்டு செய்யச் சொல்றீங்க."

தெய்வசிகாமணியின் குறை இதுதான்.

அமுதவல்லி ஒரு பழைய மிக்ஸி மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. மேஜைக்கு அடியில் கைவிட்டு இரண்டு இரும்புப் பட்டைகளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"ரெண்டுலயும் நாலு நாலு ஓட்டை போடுங்கண்ணா. ட்ரில்லைக் கையில பிடிச்சே போடுங்க."

போட்டார்.

"இப்ப ஒன்னு மேல ஒன்னு வச்சு போல்ட்டு மாட்டுங்க."

முதல் போல்ட் இறங்கியது. அடுத்ததைச் சுத்தியலால் தட்டி இறக்கினார். அதற்கு அடுத்தது எவ்வளவு தட்டியும் இறங்கவில்லை. கடைசி போல்ட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அதைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டேண்டுக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று கேட்டார்.

*

அது கோவை கணபதி பகுதியில் ஒரு கார் ஷெட். அதில் கார் நின்று பார்த்தவர்கள் யாரும் இல்லை.

நிற்க இடமும் இல்லை. ஸ்கூட்டர் சக்கரங்கள் இரண்டை மேலும் கீழுமாக வைத்துச் செய்த மரமறுக்கும் இயந்திரம் ஒரு பக்கம். தையல் மெஷின் மோட்டாரில் ஓடும் சின்ன லேத் இன்னொரு பக்கம். சுவர் முழுக்க ஆணிகள், ஆணிகள் முழுக்கக் கருவிகள். எதுவும் கடையில் வாங்கியது போலத் தெரியாது. எல்லாமே அமுதவல்லி செய்தவை.

அவர் பம்பு செட் கம்பெனி ஒன்றில் மோட்டார்களைச் சோதிக்கும் பிரிவில் இன்ஜினியராக இருந்தவர். நாற்பது வயதுக்கு முன்பே வேலையை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, ஷெட் காலியாக இருந்தது என்று சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட் திறந்திருக்கும். தாங்களே ஏதாவது செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வருவார்கள். கற்றுத் தருவதாக அமுதவல்லி யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் பதில் வரும். பாதி நேரம் அது வாயிலிருந்து வராது.

தெய்வசிகாமணி அவரைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் ஊதினால்தான் பஸ் கிளம்பும். ஓட்டுநர்கள் அவரைத் திட்டுவார்கள்; ஆனால் விசிலுக்குக் காத்திருப்பார்கள். அந்த உத்தியோகம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

*

அவர் ஷெட்டுக்கு வந்ததற்குக் காரணம் அவருடைய மனைவி சுலோச்சனா.

சுலோச்சனாவுக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கைத்தடி ஊன்றி வீட்டுக்குள் நடந்தார், சமைத்தார். படி மட்டும் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மொட்டைமாடிக்குப் போகும் படி வீட்டுக்கு வெளியே, மேற்குச் சுவரை ஒட்டி நேராக ஏறுகிறது. மாடியில் பழைய பெயிண்ட் வாளிகளில் சுலோச்சனா கீரையும் கத்தரியும் வைத்திருந்தார். தினமும் சாயங்காலம் ஏறுவார். தோன்றும்போது இறங்குவார். நாள் முழுவதிலும், காப்பி எங்கே, கண்ணாடி எங்கே என்று அவரை யாரும் கேட்காத நேரம் அது ஒன்றுதான்.

ஒரு வருடமாக அவர் மேலே போகவில்லை. தெய்வசிகாமணி தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். கீரை எது, களை எது என்று தெரியாமல் இரண்டையும் பிடுங்கினார். வாளிகளில் மண் மட்டும் இருந்தது.

படியில் ஓடும் ரெடிமேட் லிஃப்டைப் பற்றி விசாரித்தார். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் படிக்குப் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம்தான் யாரோ ஷெட்டைச் சொன்னார்கள்.

*

ஸ்டேண்டு முடிந்தது. அதில் போட்ட ஓட்டைகள் நேராக விழுந்தன.

தெய்வசிகாமணி முதலில் சின்னதாக ஒரு மாதிரியைச் செய்தார். சாய்ந்த பலகை, அதன் மேல் பொம்மை நாற்காலி, உச்சியில் காரின் வைப்பர் மோட்டார். மோட்டார் நூலைச் சுருட்டும். நூல் நாற்காலியை இழுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் ஓட்டிக் காட்டினார். நாற்காலி அழகாக ஏறியது.

"நல்லா ஏறுதுங்க," என்றார் அமுதவல்லி.

ஆணியில் தொங்கிய கத்தரிக்கோலை எடுத்தார். நாற்காலி பாதிப் பலகை வந்ததும் நூலை வெட்டினார்.

பொம்மை நாற்காலி சறுக்கி வந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. ஒரு கால் ஒடிந்தது.

அமுதவல்லி கத்தரிக்கோலைப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டுத் தன் வேலைக்குப் போனார்.

பல் டாக்டர் ஃபிரான்சிஸும் ஞாயிற்றுக்கிழமைக்காரர்களில் ஒருவர். தேங்காய் உரிக்கும் மெஷின் ஒன்றை மூன்றாவது முறையாகச் செய்துகொண்டிருந்தார். "டைம் கீப்பர் சார், டிரிப் கேன்சலுங்களா?" என்று கேட்டார்.

தெய்வசிகாமணி ஒடிந்த காலைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சில வாரங்கள் ஷெட்டின் மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பலகையை மேஜை மேல் வைத்தார். இப்போது பலகையின் ஓரத்தில் ரம்பம்போலப் பற்கள் இருந்தன. நாற்காலிக்கு அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு கொக்கி. நூல் இழுத்துப் பிடித்திருக்கும்வரை கொக்கி விலகி நிற்கும். நூல் தளர்ந்தால் பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும்.

கத்தரிக்கோலை அவரே எடுத்து நீட்டினார்.

அமுதவல்லி வெட்டினார். டக் என்று ஒரு சத்தம். நாற்காலி அங்கேயே நின்றது.

கொக்கியை நகத்தால் தட்டிப் பார்த்தார். "இன்னொன்னு போடுங்க."

"ஒன்னு போதாதுங்களா?"

"போதுமுங்க. இன்னொன்னு போடுங்க."

*

பெரிய நாற்காலி தொடங்கியது. உண்மையில், பெரிய நாற்காலியைச் செய்வதற்கான கருவிகள் தொடங்கின.

இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு கவ்வி வேண்டியிருந்தது. செய்தார். கவ்விகளை மாட்டி வைக்க ஒரு தட்டி. வெட்டிய இரும்பின் முனையைத் தேய்க்க, வாஷிங் மெஷின் மோட்டாரில் ஒரு கிரைண்டர். கிரைண்டருக்கு ஒரு மேஜை. மேஜை ஆடாமலிருக்க அதற்கு நான்கு திருகுக் கால்கள்.

இந்த வேலை தனக்குப் பிடிக்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். ஞாயிறு மட்டும் போதவில்லை. அமுதவல்லியிடம் கேட்டு மற்ற நாட்களிலும் வந்தார். காலையில் சீட்டியடித்துக்கொண்டு கிளம்புவார். கையில் கிரீஸ் கறையோடு மதியம் திரும்புவார். சாப்பிடும்போது சுலோச்சனாவிடம் திருகுக் கால்களைப் பற்றி விளக்குவார்.

மழைக்காலம் வந்து போயிற்று.

ஒருநாள் சுலோச்சனா சொன்னதை அவர் ஷெட்டில் வந்து வேடிக்கையாகச் சொன்னார்: சாமான் செய்கிற சாமானெல்லாம் செய்து முடித்துவிட்டீர்கள், நான் இன்னும் கீழேதான் இருக்கிறேன்.

ஃபிரான்சிஸ் சிரித்தார். அமுதவல்லி சிரிக்கவில்லை.

மறுநாள் காலை தெய்வசிகாமணி வந்தபோது, அவருடைய கிரைண்டரும் கவ்விகளும் தட்டியும் மேஜையும் ஷெட்டின் கேட்டுக்கு வெளியே ஒரு குட்டி யானை சரக்கு வண்டியில் ஏறியிருந்தன. ஓட்டுநர் வழி கேட்பதற்காகக் காத்திருந்தார்.

"என்னங்க அம்மிணி இது?"

"படிக்கட்டு இங்க இல்லீங்களே, அண்ணா," என்றார் அமுதவல்லி.

*

அதற்குப் பிறகு அவர் தன் வீட்டுப் படிக்கு அடியிலேயே வேலை செய்தார். எதிரே சமையலறை ஜன்னல். ஜன்னலில் சுலோச்சனா. வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். புதிதாக ஸ்டேண்டு எதையும் செய்யத் தெய்வசிகாமணிக்குத் துணிவு வரவில்லை.

வேலை வேகமாக நடந்தது. படியின் ஓரமாக இரும்புச் சட்டங்கள் இரண்டு ஏறின. கொக்கிகளுக்குப் பற்கள் வைத்த பட்டை ஏறியது. பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டரிலிருந்து மோட்டாரும் பேட்டரியும் வந்தன. நாற்காலிக்குப் பச்சை பெயிண்ட் அடித்தார். இடுப்புக்கு ஒரு பெல்ட் வைத்தார்.

ஷெட்டுக்குப் போய்ச் சொன்னார்.

"மணல் மூட்டை ரெண்டு வச்சு ஏத்தி இறக்கிப் பாத்துட்டனுங்க. கயித்தை அவுத்து விட்டும் பாத்தாச்சு. கொக்கி பிடிச்சுக்குது. ஒரு குறையுமில்லை."

"மூட்டை என்ன சொல்லுச்சுங்க?"

"மூட்டை என்னங்க சொல்லும்?"

"அதாங்க," என்றார் அமுதவல்லி.

இதில் புரிந்துகொள்ள ஏதாவது இருக்கிறதா என்று அவர் வீடுவரை யோசித்துக்கொண்டே போனார். இல்லை என்று முடிவு செய்தார்.

*

அன்று சாயங்காலம் சுலோச்சனா புடவை மாற்றிக்கொண்டு, கைத்தடியோடு படியடிக்கு வந்தார்.

பச்சை நாற்காலியைத் தடவிப் பார்த்தார். பெல்ட்டைப் போட்டுக் கழற்றிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் கணவர் கையிலிருந்த சுவிட்ச் பெட்டியைப் பார்த்தார். அதிலிருந்து ஒரு நீளமான வயர் மோட்டாருக்குப் போயிற்று.

அதைப் பிடித்துக்கொண்டு எங்கே நிற்பீர்கள் என்று கேட்டார்.

இங்கேதான், கீழே, எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் தெய்வசிகாமணி.

"நான் இறங்கோணும்னா?"

"ஒரு குரல் குடு. இறக்கி விடறேன்."

சுலோச்சனா மேலே பார்த்தார். கீழே பார்த்தார்.

"நான் என்ன பஸ்ஸுங்களா?" என்றார். கைத்தடியைத் திருப்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

*

தெய்வசிகாமணி இன்னொரு பெல்ட் வைத்தார். பாதம் வைக்கப் பலகை வைத்தார். வேகத்தைக் குறைத்தார். சுலோச்சனா ஒவ்வொன்றையும் ஜன்னலிலிருந்து பார்த்தார். வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் சொன்னார்:

"எல்லாம் சரியா இருக்குதுங்க, அம்மிணி. பயப்படறா."

"யாருங்க?"

"என் சம்சாரந்தானுங்க."

அமுதவல்லி கையைத் துடைத்தார். ஃபிரான்சிஸிடம் ஷெட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தோள்பையை மாட்டிக்கொண்டு தெய்வசிகாமணியோடு கிளம்பினார்.

*

"வா கண்ணு," என்றார் சுலோச்சனா. இருவரும் ஒருவரையொருவர் அதுவரை பார்த்ததில்லை.

அமுதவல்லி கயிற்றை இழுத்துப் பார்த்தார். கொக்கிகளைத் தட்டிப் பார்த்தார். தரையில் குனிந்து சட்டங்களின் வரிசையைப் பார்த்தார். எதையும் குறை சொல்லவில்லை.

"அண்ணா, நீங்க உக்காருங்க."

மணல் மூட்டை, செங்கல், தண்ணீர்க் கேன் என்று எல்லாவற்றையும் அந்த நாற்காலியில் ஏற்றியிருந்தார் தெய்வசிகாமணி. தான் ஒருமுறைகூட அதில் உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

உட்கார்ந்தார். அமுதவல்லி பெல்ட்டைப் போட்டுவிட்டார். பெட்டியை எடுத்து அழுத்தினார்.

நாற்காலி கிளம்பியது. கொஞ்ச தூரம்தான். அவருடைய கால் தரைக்கும் எட்டாமல், படிக்கும் எட்டாமல் தொங்கத் தொடங்கிய இடத்தில் நின்றது.

அமுதவல்லி, வயர் மட்டும் வெளியே தொங்க, பெட்டியைத் தோள்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினார். சுலோச்சனா பக்கம் திரும்பி, மாடியில் என்னவெல்லாம் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்.

சுலோச்சனா சொல்லத் தொடங்கினார். அரைக்கீரை, தண்டுக்கீரை. கத்தரி இரண்டு வகை. முள்ளுக் கத்தரிக்கு மாடி வெயில் நன்றாகப் பிடிக்கும். பெயிண்ட் வாளியைத் தேய்த்துக் கழுவாமல் மண் போட்டால் எதுவும் வராது.

தெய்வசிகாமணி காத்திருந்தார். சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடித்தது.

"அம்மிணி," என்றார்.

"ஒரு நிமிசங்கண்ணா."

பேச்சு கத்தரியிலிருந்து பூச்சிக்குப் போயிற்று. பூச்சியிலிருந்து வேப்பெண்ணெய்க்கு. தெய்வசிகாமணி காலை நீட்டித் தரையைத் தொட முயன்றார். முடியவில்லை. எதிர் வீட்டுக்காரர் கேட்டில் நின்று என்ன சார், ரிப்பேரா என்று விசாரித்தார். இல்லை, சோதனை ஓட்டம் என்றார் தெய்வசிகாமணி. எதிர் வீட்டுக்காரர் போகவில்லை.

சுலோச்சனா அப்போதுதான் கணவரைக் கவனித்தார். தொங்கும் கால்களைப் பார்த்தார். கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அமுதவல்லி பையைத் திறந்து பெட்டியை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"நீங்களே இறக்கி விடுங்கக்கா."

சுலோச்சனா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்ப வேணாலும் இறக்கலாமா?"

"எப்ப வேணாலும்."

"அப்ப காப்பி குடிச்சுட்டு இறக்கலாம். உள்ள வா கண்ணு."

இருவரும் உள்ளே போனார்கள்.

தெய்வசிகாமணிக்கு டம்ளர் சத்தம் கேட்டது. டபராவில் ஆற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அமுதவல்லி அவருக்கான காப்பியை நாற்காலிக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். சர்க்கரை சரியாக இருந்தது. அவர் மெதுவாகக் குடித்தார். குடித்து முடித்த பிறகு டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

*

அன்று விளக்கேற்றும் நேரத்தில் அவர் அந்த நீளமான வயரை வெட்டினார். யாரும் சொல்லவில்லை.

சுவிட்சை நாற்காலியின் கைப்பிடியில் வைப்பது என்று தீர்மானித்தார். வலது கைப்பிடியில் குறிபோட்டுவிட்டு ட்ரில்லை எடுத்தார். பிறகு ட்ரில்லைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார்.

எந்தக் கைக்கு வேண்டும் என்று கேட்டார். அந்த நாற்காலியைப் பற்றி மனைவியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"இடது கைக்கு. வலது கையில தடி இருக்கும்," என்றார் சுலோச்சனா.

*

அடுத்த ஞாயிறு அமுதவல்லி வந்து பார்த்தார். கைப்பிடியில் சுவிட்ச் இருந்தது. ஏற, இறங்க, நிற்க. விரல் எங்கே போகுமோ அங்கே இருந்தது.

படியடியில், சுவரில், இன்னொரு சுவிட்சும் இருந்தது.

"இது எதுக்குங்க?"

நாற்காலி மேலே நின்றுவிட்டால் கீழிருந்து கூப்பிட வேண்டுமே என்று விளக்கினார் தெய்வசிகாமணி. சரிதான் என்பது போல அமுதவல்லி தலையாட்டினார்.

"அப்படியே ஒரு அவசரம்னா, அவ மேல போயிட்டு இருக்கறப்பவும் நான் இங்கிருந்து நிறுத்திக்கலாமுங்க. இறக்கிக்கலாம்."

"யாரோட அவசரமுங்க?"

தெய்வசிகாமணி துணியை எடுத்துச் சுவர் சுவிட்சைத் துடைத்தார்.

அந்த வாரம் முழுக்க அவர் நாற்காலியின் அடியில் மல்லாந்து கிடந்தார். பழைய ஸ்கூட்டரின் பிரேக் சுவிட்ச் ஒன்றைக் கழற்றி, இருக்கைக்குக் கீழே ஸ்பிரிங்கோடு பொருத்தினார். யாராவது உட்கார்ந்தால் இருக்கை ஒரு நூலளவு இறங்கும். இறங்கினால் சுவரிலுள்ள பட்டனுக்குப் போகும் கரண்ட் அறுந்துவிடும். உட்கார்ந்திருப்பவர் கைப்பிடி மட்டும்தான் வேலை செய்யும். எழுந்தால் சுவர் பட்டனுக்கு உயிர் வரும்.

அமுதவல்லி வந்தபோது தெய்வசிகாமணியே நாற்காலியில் உட்கார்ந்து, பாதிப் படி ஏறி நிறுத்திக்கொண்டு, கீழே உள்ள பட்டனை அழுத்தச் சொன்னார்.

அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

அமுதவல்லி எதுவும் கேட்காமல் ஷெட்டுக்குத் திரும்பினார். தெய்வசிகாமணி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

*

சுலோச்சனாவும் ஜன்னலிலிருந்து இதையெல்லாம் பார்த்தார். பட்டன் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். இரண்டு முறை விளக்கச் சொன்னார்.

அப்படியும் உட்காரவில்லை.

தெய்வசிகாமணி தினமும் சாயங்காலம் நாற்காலியைத் துடைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றார். இன்றைக்கா என்று கேட்பார். பார்க்கலாம் என்பார் சுலோச்சனா. பெல்ட்டை எப்படிப் போடுவது என்று சொல்லிக் காட்டுவார். தெரியும் என்பார் சுலோச்சனா. ஒரு முறை, ஒரே ஒரு முறை, நான் பக்கத்திலேயே படியில் ஏறி வருகிறேன் என்றார். சுலோச்சனா அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டார்.

அவர் ஷெட்டுக்குப் போனார்.

"இன்னும் என்னங்க அம்மிணி குறை? எனக்கு ஒன்னும் தெரீலீங்க. எதை மாத்தோணும்னு சொல்லுங்க, மாத்திடறேன்."

அமுதவல்லி லேத்தில் ஒரு இரும்பைக் கடைந்துகொண்டிருந்தார். முடித்தார். மோட்டாரை நிறுத்தினார்.

"எனக்கு ஒரு பேரிங் வேணுமுங்கண்ணா. இதே அளவு." மேஜையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். "நாளைக்குச் சாயங்காலம் உக்கடம் போய் வாங்கிட்டு வர முடியுங்களா? புதுசு வேண்டாம். பழைய சாமான் கடையில பாருங்க. கையில சுத்திப் பாத்து, சத்தம் வராததா எடுங்க."

நான் கேட்டதற்குப் பதில் என்றார் தெய்வசிகாமணி.

"அவசரப்படாம பாத்து வாங்குங்க," என்றார் அமுதவல்லி.

*

மறுநாள் சாயங்காலம் வெளியே போவதாக அவர் வீட்டில் சொன்னார். வர எவ்வளவு நேரமாகும் என்று சுலோச்சனா கேட்டார். இருட்டிவிடும் என்றார்.

"சரிங்க," என்றார் சுலோச்சனா.

நாற்காலியில் தனியாக உட்காராதே, நான் வந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தார். பஸ் வருகிற சத்தம் கேட்டது. போய்விட்டார்.

உக்கடத்தில் கடை கடையாக ஏறினார். பழைய பேரிங்குகளைக் கூடையில் குவித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் எடுத்து, காதருகே வைத்து, விரலால் சுற்றினார். சில கரகரவென்றன. சில இரண்டு சுற்றில் நின்றன. கடைக்காரர் ஒருவர், என்ன பெரியவரே, ரேடியோவா கேட்கிறீர்கள் என்றார். தெய்வசிகாமணி சிரித்துவிட்டு அடுத்ததை எடுத்தார். நேரம் போனது தெரியவில்லை.

கடைசியில் ஒன்று கிடைத்தது. சுற்றிவிட்டால் சத்தமே இல்லாமல் வெகுநேரம் சுற்றியது. கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார்.

அமுதவல்லி அதை வாங்கிச் சுற்றிப் பார்த்தார்.

"அருமையா இருக்குதுங்க."

அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து, மூடியைத் திறந்து, அதற்குள் போட்டார். டின்னில் அதே அளவு பேரிங் நிறைய இருந்தது.

தெய்வசிகாமணி எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு இருக்குதுங்களே."

"ஆமாங்க."

"அப்பறம் எதுக்குங்க என்னை அனுப்புனீங்க?"

அமுதவல்லி டின்னை மூடி அலமாரியில் வைத்தார்.

"வீட்டுக்குப் போங்கண்ணா."

*

வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

சமையலறை ஜன்னலில் யாரும் இல்லை. கூடத்தில் யாரும் இல்லை. படுக்கையறையில் பார்த்தார். கைத்தடி வழக்கமாகச் சாய்ந்திருக்கும் மூலையில் கைத்தடி இல்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வெளியே ஓடி வந்தார்.

படியடியில் நாற்காலி இல்லை. இரும்புச் சட்டங்கள் இரண்டும் கீழிருந்து மேலே இருட்டுக்குள் போயின.

சுவரிலிருந்த பட்டனை அழுத்தினார்.

நாற்காலி வரவில்லை.

மறுபடி அழுத்தினார். மோட்டார் அசையவில்லை. மண்டியிட்டுப் பேட்டரியைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. வயரைத் தடவிப் பார்த்தார். எங்கும் விடுபடவில்லை. எழுந்து, இந்த முறை பட்டனை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

மேலிருந்து சுலோச்சனாவின் குரல் கேட்டது. நிதானமாக இருந்தது.

"எதுக்குங்க அதைப் போட்டு அழுத்தறீங்க? நான் இன்னும் எந்திரிக்கலை."

தெய்வசிகாமணி பட்டனிலிருந்து விரலை எடுத்தார்.